இமாடினிப் போதுமா, புது மாத்திரை வேண்டுமா?

சி.எம்.எல். (ஒரு வகை ரத்தப் புற்றுநோய்) என்று ரிப்போர்ட் வந்த வீட்டில் முதல் வாரம் பயத்திலேயே போய்விடும். மாத்திரையிலேயே கட்டுக்குள் வைக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு கொஞ்சம் மூச்சு வரும். அப்புறம்தான் இந்தக் கேள்வி கிளம்பும்: “2001-ல் வந்த இமாடினிபை எழுதிக் கொடுத்திருக்கிறாரே, அதைவிடப் புதுசு இருக்கிறதாமே?”

இருக்கிறது. இமாடினிபுக்குப் பின்னால் டாசாடினிப், நிலோடினிப் இரண்டும் வந்தன. மூன்றும் செய்வது ஒரே வேலை. 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றி ஒட்டிக்கொண்டதில் பிறந்த ஒரு புரதம், வெள்ளையணுக்களைப் பெருகச் சொல்லி ஓயாமல் முடுக்கிக்கொண்டிருக்கும். அதை அடக்குவதுதான் மூன்றுக்கும் வேலை. யார் சீக்கிரம் அடக்குவது என்பதில்தான் போட்டி.

அந்தப் போட்டியில் புதியவை ஜெயிக்கின்றன, சந்தேகமில்லை. டாசாடினிபையும் இமாடினிபையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த ‘டாசிஷன்’ ஆய்வில், மூன்றாம் மாதம் நோயின் அளவு 10 சதவீதத்துக்குள் இறங்கியவர்கள் டாசாடினிப் பக்கம் 84 சதவீதம், இமாடினிப் பக்கம் 64. இதைப் படித்தால் யாருக்கும் கை புது மாத்திரைக்குத்தான் போகும். அதே ஆய்வின் 5 வருடக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். உயிரோடிருந்தவர்கள் டாசாடினிப் பக்கம் 91 சதவீதம், இமாடினிப் பக்கம் 90. இமாடினிப் சரியாகப் பிடிக்காதவர்களுக்கு நேரத்தோடு மருந்தை மாற்ற முடிகிறது என்பது இதற்கு ஒரு காரணம்.

அதனால்தான் ரத்தநோய் நிபுணர்கள் ‘எது நல்ல மருந்து’ என்று ஆரம்பிப்பதில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கிறார்கள். வயது, மண்ணீரல் எவ்வளவு வீங்கியிருக்கிறது, பிளேட்லெட் எண்ணிக்கை, ரத்தத்தில் பிளாஸ்ட் எனும் முதிராத செல்கள் எத்தனை சதவீதம் என்பதையெல்லாம் சேர்த்து ஒரு ரிஸ்க் ஸ்கோர் போடுவார்கள். ஸ்கோர் அதிகமென்றால் நோய் முற்றிய கட்டத்துக்குத் தாவும் அபாயம் கூடுதல். அவர்களுக்குப் புதிய மருந்தில் தொடங்குவது நியாயம். குறைவென்றால் அவசரமில்லை.

அடுத்து, உடம்பில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பது. 62 வயதுக்காரர், சர்க்கரை உண்டு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் என்று வைத்துக்கொள்வோம். நிலோடினிப் சர்க்கரையையும் கொழுப்பையும் ஏற்றும், ரத்தக்குழாய் அடைப்புக்கும் வழி செய்யும். அவருக்கு அதைக் கொடுக்கக் கை வராது. பல வருடம் சிகரெட் பிடித்து நுரையீரல் கெட்டவருக்கு டாசாடினிபை யோசித்துத்தான் எழுதுவார்கள். நுரையீரலைச் சுற்றி நீர் கோப்பது அதன் பெரிய குறை. டாசிஷனில் 5 வருடத்துக்குள் 28 சதவீதம் பேருக்கு அது வந்தது. போதாக்குறைக்கு, நெஞ்செரிச்சலுக்கு என்று நாம் சகஜமாகப் போட்டுக்கொள்ளும், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் டாசாடினிபை உடம்பில் சேரவிடாது.

இமாடினிப் மட்டும் சாதுவா என்றால், அதுவும் இல்லை. காலையில் எழுந்தால் கண்ணிமை உப்பியிருக்கும், ராத்திரி கெண்டைக்காலைப் பிடித்து இழுக்கும். நம்மைப் போன்ற மாநிறத்துக்காரர்களிடம் இன்னொன்றும் தெரியும்: தோல் வெளுக்கும். தோலுக்கு நிறம் தரும் செல்களுக்குத் தேவையான இன்னொரு புரதத்தையும் இந்த மருந்து தடுத்துவிடுவதே காரணம். “கலர் ஏறிட்டியே” என்று கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். என்ன பதில் சொல்வது? தொல்லைதான், ஆனாலும் பெரும்பாலும் உயிருக்கு உலை வைக்காத தொல்லை.

விலைக் குறைவில் இமாடினிப் பக்கத்தில்கூட மற்றவை வர முடியாத காலம் ஒன்று இருந்தது. இமாடினிபையே கிளிவெக் என்ற பெயரில் நோவார்டிஸ் நிறுவனம் விற்றபோது மாதம் 1 லட்சத்துக்கு மேல். அதே மருந்தை இந்திய கம்பெனிகள் செய்த ஜெனரிக் 10,000 ரூபாய் அளவில். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் நோவார்டிஸின் காப்புரிமைக் கோரிக்கையைத் தள்ளுபடி செய்ததால் அந்த ஜெனரிக் பிழைத்தது. விலை முக்கியம்தான், ஏனென்றால் இது வருடக்கணக்கில் ஒரு நாள்கூட விடாமல் விழுங்க வேண்டிய மருந்து.

‘ஒரு நாள்கூட’ என்பது பேச்சுக்குச் சொல்வதில்லை. 2010-ல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில், இமாடினிப் சாப்பிடும் 87 பேரின் மருந்துப் பாட்டில் மூடியில் சிப் வைத்து, எத்தனை தடவை திறந்தார்கள் என்று மூன்று மாதம் எண்ணினார்கள். 90 சதவீதத்துக்கு மேல் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். 80 சதவீதமோ அதற்குக் கீழோ சாப்பிட்டவர்களில் ஒருவருக்குக்கூட நோய் நல்ல அளவுக்கு இறங்கவில்லை. 80 சதவீதம் என்றால் மாதத்தில் 6 மாத்திரை விட்டுப்போவது, அவ்வளவுதான்.

இந்தக் கண்ணோடு நிலோடினிபைப் பாருங்கள். இமாடினிபைச் சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் ஒரு தடவை விழுங்கினால் முடிந்தது. நிலோடினிப் 12 மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை, முன்னால் 2 மணி நேரமும் பின்னால் 1 மணி நேரமும் வெறும் வயிறு. ராத்திரி 7 மணிக்கு மாத்திரை என்றால் 5 மணிக்கு மேல் வடை, பஜ்ஜி எதையும் தொடக்கூடாது. ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவர் இதை எத்தனை வருடம் கடைப்பிடிப்பார்?

சரி, அப்படியானால் புதியவை யாருக்கு? என் பார்வையில் பதில் தெளிவாக இருப்பது, குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கும் இளம் பெண்ணிடம். இந்த மூன்றுமே வயிற்றுக் கருவுக்கு ஆகாது. நோயைச் சீக்கிரம் ஆழமாக இறக்கி, அந்த நிலையில் சில வருடம் நிறுத்திவைத்தால், மாத்திரையை நிறுத்திப் பார்க்கும் வாய்ப்பு வரும். அந்த ஆழத்தைப் புதிய மருந்துகள் அதிகம் பேருக்கு, சீக்கிரமாகத் தருகின்றன. இவர்களையும் ரிஸ்க் ஸ்கோர் அதிகமானவர்களையும் விட்டால், மீதிப் பேருக்கு இமாடினிபில் தொடங்கி, ரத்தத்தில் நோயின் அளவைக் காட்டும் பி.சி.ஆர். டெஸ்டை மூன்றாம் மாதம் பார்த்து நகர்வது எந்த விதத்திலும் மட்டமான வைத்தியம் இல்லை. அந்த டெஸ்டில் எண் கொஞ்சம் கூடியிருந்தால் நல்ல டாக்டர் உடனே மருந்தை மாற்ற மாட்டார். மாத்திரை விட்டுப்போனதா, வேறு மருந்து, நாட்டு மருந்துப் பொடி ஏதாவது சேர்கிறதா என்று விசாரித்துவிட்டு, டெஸ்டைத் திரும்ப எடுப்பார். அதற்கும் மேல் போனால், அந்தப் புரதமே மாறிவிட்டதா என்று பார்க்கும் மியூட்டேஷன் டெஸ்ட். அதில் டி315ஐ என்ற மாற்றம் வந்தால் இந்த மூன்றும் உதவாது, பொனாடினிப், அசிமினிப் என்று வேறு பக்கம் போக வேண்டியதுதான்.

நிறுத்திப் பார்த்தவர்கள் கதை பிரான்சின் ‘ஸ்டிம்’ ஆய்வில் இருக்கிறது. இமாடினிபை நிறுத்திய 100 பேரில் சுமார் 40 சதவீதம் பேருக்கு நோய் திரும்பவில்லை. திரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு முதல் 6 மாதத்துக்குள்ளேயே திரும்பியது, மறுபடி மாத்திரை கொடுத்ததும் அடங்கியது. அதனால் நிறுத்திய முதல் மாதங்களில் மாதாமாதம் பி.சி.ஆர். எடுக்கச் சொல்வார்கள். தரமான லேபுக்கு மாதாமாதம் போய்வர முடியாதவர், டாக்டரே பேச்சை எடுத்தாலும், இப்போதைக்கு மாத்திரையை விட வேண்டாம்.