கரட்டைத் திருப்பி அனுப்பிய அக்காவின் ஞாயிற்றுச் சந்தை

திருகோணமலை உப்புவெளிப் பக்கம் ஒரு அக்கா தன் வளவுக்குள்ளேயே ஞாயிறு காலையில் சந்தை நடத்துகிறார். நான்கு மாதமாகப் போய் வருகிறேன், நல்லதும் கெட்டதும் எழுதும் அளவுக்கு வாங்கியாயிற்று.

முதலில் நேரம். ஆறு மணிக்குத் தொடங்கினால் ஏழரைக்குள் மரவள்ளியும் பூசணிக் கீற்றும்தான் மிஞ்சும். முதல் தடவை நான் எட்டு மணிக்கு ஆற அமரப் போய் வெறும் சாக்குகளைப் பார்த்துவிட்டு வந்தேன். வேப்பமரத்தடியில் சாக்கு விரித்துப் பத்துப் பன்னிரண்டு பேர், அவ்வளவுதான் சந்தை.

2022இல் காஸும் இல்லை, பெற்றோலும் இல்லை என்று வரிசையில் நின்றோமே, அப்போது வீட்டுச் சமையலுக்காகக் கத்தரியும் வெண்டியும் நட்டவர். மிஞ்சியதை அயலுக்கு விற்றார், அப்புறம் அயலவர்களும் தங்கள் மிச்சத்தைக் கொண்டுவர இப்படி ஆகிவிட்டது. இடத்துக்குக் காசு வாங்குவதில்லை. வாடிய இலைதழையை மட்டும் அங்கேயே விட்டுப் போக வேண்டும், அது கூட்டுப்பசளைக் குழிக்கு. (குழிக்குப் போகுமுன் பாதியை அக்காவின் ஆடு முடித்துவிடும். டவுனில் மான் வந்து பையில் வாய் வைக்கும், இங்கே இது.)

ஒரு ஞாயிறு புதிதாக வந்த ஒருவர் உரப்பையிலிருந்து கரட்டை எடுத்து அடுக்கினார். அக்கா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இது எந்தத் தோட்டம்?"

"நம்ம தோட்டம்தான் அக்கா."

"இந்த வெயிலில கரட் விளைஞ்சா நானும் போட்டிருப்பனே. தம்புள்ளையில எடுத்ததைத் தம்புள்ளை என்று சொல்லி டவுனில வில்லுங்க."

சத்தமே போடவில்லை, அவர் பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். மலைநாட்டுக் கரட்டும் லீக்ஸும் தம்புள்ளை மொத்தச் சந்தை வழியாக டவுன் சந்தைக்கு வருவதில் குற்றமில்லை, நானும் அங்கேதான் வாங்குகிறேன். ஆனால் இங்கே வருவது, யார் வளவில் எப்போது பறித்தது என்று கேட்டால் நேராகப் பதில் வரும் என்பதற்காக. எல்லாமே சேதனப் பசளைதானா என்று கேட்டதற்கும் மழுப்பவில்லை: "என்ட மரக்கறி அப்படித்தான். அந்த மூலையில வெண்டிக்காய் விற்கிறவர் யூரியா போடுவார், அவரிட்டயே கேளுங்க."

ஊர்க்கோழி முட்டையில் ஒருமுறை அடி வாங்கினேன். பத்தில் இரண்டு கூழ், வீடே நாறிப் போனது. அடுத்த வாரம் சொன்னேன். இரண்டு முட்டை கைக்கு வந்தது, அதற்கடுத்த வாரம் முட்டைக்காரர் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் வந்தது. போட்டால் தாழ்கிறதா மிதக்கிறதா என்று நாமே பார்க்கலாம், பழசானால் உள்ளே காற்று கூடி மிதக்கும். இப்போது பிள்ளைகளுக்கு அந்த வாளிதான் விளையாட்டு.

கீரை டவுனைவிடக் கொஞ்சம் விலை, மண்ணும் நிறைய, பொன்னாங்காணியை நான்கு தண்ணீரில் அலச வேண்டும். மூதூரிலிருந்து நானா ஒருவர் கொண்டுவரும் எருமைத் தயிருக்கு மட்டும் நான் பேரம் பேசுவதில்லை, சட்டியைக் கவிழ்த்தாலும் அசையாது.

வாகனம் நிறுத்த இடமில்லை, ஓட்டோவில் போங்க. சில்லறையும் கொண்டு போங்க, ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் மிச்சக் காசுக்குப் பதில் தேசிக்காய்தான் கைக்கு வரும். போன வாரம் எனக்குப் பதினொன்று வந்தது, இன்னும் ஊறுகாய் போடவில்லை.