டிஎச்கியூவா, யூபிசாஃப்ட்டா: எந்த வழி மேல்?

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாக ஏறி கேம் டிஸ்க் வாங்கியவன் நான். கேம் வெளியிட்டுவந்த டிஎச்கியூ நிறுவனம் விழுந்தது இன்னும் வலிக்கிறது. யூடிரா என்ற வரைபலகையை அளவுக்கு மீறித் தயாரித்தார்கள். சுமார் 14 லட்சம் விற்காமல் தேங்கியது. 2012 டிசம்பரில் திவால் மனு, அடுத்த மாதமே ஏலம். செயின்ட்ஸ் ரோ என்ற கேம் தொடர் கோச் மீடியா நிறுவனத்துக்குப் போனது. டார்க்சைடர்ஸ் கேமைச் செய்த விஜில் ஸ்டூடியோவைக் கேட்க ஆளே இல்லை, மூடிவிட்டார்கள்.

இன்னொரு கேம் நிறுவனமான யூபிசாஃப்ட் சறுக்கியபோது முந்திக்கொண்டது. 2025 மார்ச்சில் அசாசின்ஸ் கிரீட், ஃபார் க்ரை, ரெயின்போ சிக்ஸ் ஆகிய மூன்று கேம் தொடர்களையும் தனி நிறுவனமாக்கி, அதில் கால் பங்கை சீனாவின் டென்சென்ட் நிறுவனத்துக்கு 116 கோடி யூரோவுக்குத் தர ஒப்புக்கொண்டது.

வீடே ஏலம் போவதற்குள் மாடி போர்ஷனை விற்பது போலத்தான். என்னைக் கேட்டால் இதுவே மேல். ஆனால் நல்ல விளையாட்டுகள் அந்தத் தனி நிறுவனத்துக்குப் போய்விட்டால் யூபிசாஃப்ட்டின் மற்றக் குழுக்களுக்கு என்ன மிஞ்சும்? அந்தக் கவலை எனக்கு இருக்கிறது.