பங்குனி வெயிலில் மகளுக்கு அம்மை: கோபி பக்கம் நாங்கள் பார்த்த வைத்தியம்

ஈஸ்டர் லீவோடு ஒரு வாரம் சேர்த்து, மூன்று வாரத்துக்கு இங்கிலாந்திலிருந்து ஊருக்குப் போயிருந்தோம். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி என் அம்மா வீடு. இறங்கிய ஐந்தாம் நாள் ராத்திரி மகளுக்குக் காய்ச்சல். ஆறு வயசு. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, மருந்துக் கடை ஒன்றில் காய்ச்சலுக்கு சிரப் வாங்கி ஒரு வேளை கொடுத்தோம். விடிந்ததும் சட்டையைக் கழற்றினால் முதுகில் பத்துப் பதினைந்து சிவப்புப் புள்ளி. நான் வேர்க்குரு என்றேன். அம்மா கிட்டே வந்து பார்த்தார், தொடவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "ஆத்தா வந்திருக்கா கண்ணு" என்றார்.

அடுத்த பத்து நிமிஷத்தில் வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து ஏறிவிட்டது. அடுப்பில் தாளிப்பு நின்றது. பால்காரரைத் திண்ணையோடு நிறுத்தியாகிவிட்டது. எல்லாம் சரி. ஆனால் "ஆத்தா இருக்கற வீட்டுல மாத்திரை, ஊசி ஆகாது" என்றபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அம்மாவிடம் சண்டை போட மனசில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கிளம்பினேன். "நானும் வாரேன், என்ன சொல்றாங்கன்னு கேக்கறேன்" என்று அம்மாவும் வண்டியில் ஏறிவிட்டார். அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்பது அப்புறம்தான் புரிந்தது.

ஓபி சீட்டு போடும் இடத்தில் அம்மை என்று சொன்ன உடனே, வரிசையில் நிற்க வேண்டாம், வெளியே வேப்ப மரத்தடியில் இருங்கள் என்றார்கள். முதலில் எனக்குச் சுருக்கென்றது. உள்ளே பார்த்தால் பெஞ்சு முழுக்க மாதாந்திரப் பரிசோதனைக்கு வந்த கர்ப்பிணிகள். அவர்கள் செய்ததுதான் சரி. டாக்டர் சின்ன வயசுப் பெண். அவரே வெளியே வந்து, டார்ச் அடித்து மகளின் முதுகைப் பார்த்தார். என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். ஒரு புள்ளி வெறும் சிவப்பு. அதன் பக்கத்தில் இன்னொன்று பனித்துளி மாதிரி நீர் கோத்து நிற்கிறது. காதுக்குப் பின்னால் ஒன்று அதற்குள் உடைந்து பொருக்குத் தட்ட ஆரம்பித்திருக்கிறது. இப்படி மூன்று பருவமும் ஒரே சமயத்தில் உடம்பில் இருந்தால் அது சின்னம்மைதான் என்றார்.

சிரப் பாட்டிலைக் கேட்டு வாங்கிப் பார்த்தவர் முகம் மாறியது. பாராசிட்டமாலோடு இபுபுரூஃபன் கலந்த மருந்து அது. அம்மை நேரத்தில் இபுபுரூஃபன் கொடுத்தால் தோலில் கடுமையான தொற்று வர வாய்ப்பு உண்டு, ஆஸ்பிரின் வகையோ குழந்தைகளுக்குக் கூடவே கூடாது, மூளையையும் ஈரலையும் தாக்கலாம் என்றார். வெறும் பாராசிட்டமால், அரிப்புக்கு ஒரு சிரப், மேலே தடவக் கேலமைன். ஒரு பைசா வாங்கவில்லை. ஆரோக்கியமான சின்னக் குழந்தைக்கு வைரஸ் மாத்திரை கட்டாயம் இல்லை, பன்னிரண்டு வயசுக்கு மேல் போனால்தான், அதுவும் கொப்புளம் கண்ட 24 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் ஆரம்பித்தால்தான் நல்ல பலன் என்று விளக்கினார். பெரியவர்களுக்கு வந்தால் நுரையீரலில் சளிக் காய்ச்சலாக இறங்கும் ஆபத்து அதிகமாம்.

அம்மா தன் கேள்வியைக் கேட்டார். அந்த டாக்டர் சிரிக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை. "ஏனுங்கம்மா, வேப்பல கட்டுங்க, எளநி, மோரு, கம்பங்கூழு குடுங்க, வெளியாளுகள உள்ள விடாதீங்க. அத்தனையும் நல்லதுதானுங்க. வேப்பலையும் மஞ்சளும் அரச்சு ஒடஞ்ச கொப்புளத்து மேல மட்டும் பூச வேண்டாம், சீழ் புடிச்சுக்கும். நகத்த ஒட்ட வெட்டிருங்க. தெனமும் ஒடம்பத் தொடச்சு விடுங்க" என்றார். அம்மை இறங்கியதும் மூன்று தடவை தலைக்குத் தண்ணி ஊற்றுவார்கள். அதற்கு முன்னால் உடம்பில் ஈரம் படலாமா என்று அம்மாவுக்குத் தயக்கம். யோசித்துவிட்டு, "தொடைக்கறது தண்ணி ஊத்தறதுல சேராது, தொடைக்கலாம்" என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்த நிமிஷம் என் கண் கலங்கியது உண்மை.

அப்புறம் டாக்டர் கேட்ட கேள்விதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "வீட்டுல மாசமா யாராச்சும் இருக்காங்களா?" தம்பி மனைவிக்கு ஏழாம் மாசம். இரண்டு நாளைக்கு முன்னால்தான் மகளை மடியில் வைத்துச் சோறு ஊட்டியிருந்தாள். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே இது தொற்ற ஆரம்பித்துவிடுமாம். உடனே அவள் அம்மாவுக்கு போன் போட்டோம். நாலாம் வகுப்பில் அம்மை போட்டிருந்தது, மூன்று தண்ணியும் ஊற்றியது நன்றாக நினைவிருக்கிறது, புருவத்துப் பக்கம் தழும்புகூட இருக்கிறது என்றார்கள். ஒரு தடவை வந்தவர்களுக்குப் பெரும்பாலும் மறுபடி வராது என்று டாக்டர் தைரியம் சொன்னார். எனக்கும் சின்ன வயசில் வந்து போனதுதான்.

கணவருக்கு வந்ததே இல்லை. தொற்று பட்ட மூன்று முதல் ஐந்து நாளுக்குள் தடுப்பூசி போட்டால் தடுக்கவோ கடுமையைக் குறைக்கவோ முடியும் என்றார் டாக்டர். அரசு தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லாததால் அங்கே கிடைக்காது. அன்று சாயந்தரமே கோபியில் ஒரு குழந்தை மருத்துவரிடம் போட்டுக்கொண்டார். ஊசிக்கு 2,000 ரூபாய்க்குச் சற்று மேல். இங்கிலாந்திலும் மகள் பிறந்த காலத்தில் இது வழக்கமான பட்டியலில் இல்லை, 2026 ஜனவரியில்தான் சேர்த்தார்கள். காசு கொடுத்துப் போட்டிருக்கலாம் என்பது இப்போதும் எனக்கு உறுத்தல். கிளம்பும் முன்னால் இந்த ஊசிச் செலவுக்குத் தயங்காதீர்கள் என்று பிள்ளைகளோடு ஊருக்குப் போகும் எல்லோரிடமும் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஊர் வெயில்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உள்ளே புகுந்து வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும் என்பதைக் கேட்டபின் மகளின் பள்ளிக்கூட மெயிலைத் தேடினேன். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால், வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அம்மை என்று எழுதியிருக்கிறார்கள். சாமான் கட்டும் அவசரத்தில் நான் திறந்து பார்க்கவில்லை. ஊர் எங்களுக்கு ஒன்றும் தரவில்லை, நாங்கள்தான் கொண்டுபோயிருக்கிறோம். தெருவில் வேறு யாருக்கும் வராமல் இருக்க வேண்டுமே என்று ஊரில் இருந்த நாளெல்லாம் எனக்கு வேண்டுதல்.

கிராம சுகாதார செவிலியர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து தெருவில் இருக்கும் பிள்ளைகளின் கணக்கெடுத்தார். எங்கள் அப்பாவுக்கு இரண்டு வருஷம் முன் வந்த அக்கியைப் பற்றிப் பேச்சு வந்தது. இடுப்பைச் சுற்றி வரிசையாகக் கொப்புளம். குயவர் வீட்டில் செங்காவியால் அக்கி எழுதிக்கொண்டு வந்தார். கொப்புளம் ஆறிவிட்டது, எரிச்சல் மட்டும் ஐந்தாறு மாசம் தூங்க விடவில்லை. அதுவும் இதே கிருமிதானாம். சின்னதில் வந்த அம்மை நரம்பில் ஒளிந்திருந்து வயசான காலத்தில் அக்கியாகக் கிளம்புகிறது. மூன்று நாளுக்குள் மாத்திரை ஆரம்பித்திருந்தால் வேதனை குறைந்திருக்கலாம் என்று செவிலியர் சொன்னதை அப்பா ரொம்ப நேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏழாம் நாள் எல்லாம் பொருக்குத் தட்டிவிட்டது. அதற்கப்புறம் தொற்றாது. விமானத்துக்கு டாக்டர் கடிதம் வேண்டும் என்றார்கள். கையெழுத்து, பதிவு எண், சீல் மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். முகத்தில் தழும்பைப் பார்த்தால் கவுண்டரில் கேட்பார்கள், எங்களையும் கேட்டார்கள். கணவருக்கு 21 நாள் வரை கவனம், லேசாகக் காய்ச்சல் வந்தாலும் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தினமும் காலையில் வெப்பமானி வைத்துப் பார்த்தோம். ஒன்றும் வரவில்லை.

மூணாம் தண்ணி அன்று அம்மா பித்தளை அண்டாவில் தண்ணீர் நிரப்பி, வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் காலையிலேயே முற்றத்து வெயிலில் வைத்துவிட்டார். மதியம் கையை விட்டுப் பார்த்தேன், இளஞ்சூடு. மகள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, தலையில் சொம்பு சொம்பாக ஊற்றினார். "அம்மிச்சி, இன்னொரு சொம்பு" என்று கேட்டு வாங்கிக் குளித்தாள். மறுநாள் பண்ணாரி மாரியம்மன் கோயிலுக்குப் போய் வந்தோம். அங்கே திருநீற்றுக்குப் பதில் புற்று மண்தான் பிரசாதம். ஒரு சிட்டிகை எடுத்து மகளுக்கு வைத்துவிட்டு, மீதியைக் காகிதத்தில் மடித்து டாக்டருக்கென்று அம்மா தனியாக எடுத்து வைத்தார். கிளம்பும் முன்னால் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். டாக்டர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்.