58,500 ரூபா கொடுத்துப் பூட்டிய டயர் சென்சர், காருக்குக் கேட்கவேயில்லை

பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் டயர் பிரஷர் சென்சர் (சக்கரத்துக்குள் இருந்து காற்றழுத்தத்தை ரேடியோ அலையில் காருக்குச் சொல்கிற சாமான்) மாற்றப் போவதற்கு முன் இதை வாசித்துவிட்டுப் போங்கள். நாலு சென்சர், ஒன்று 12,500 ரூபாப்படி 50,000. பூட்டவும் காரில் பதியவும் 8,500. மொத்தம் 58,500 ரூபா. காசு போய்விட்டது, டாஷ்போர்டில் டயருக்கான மஞ்சள் எச்சரிக்கை விளக்கு இன்னும் எரிகிறது. கடையின் பெயர் போடவில்லை. கொழும்புக்குள், அலைன்மென்ட், வீல் பலன்சிங், நைட்ரஜன் எல்லாம் செய்கிற, ஏசி போட்ட அறையில் ஆட்களை உட்கார வைக்கிற ஒரு டயர் கடை. ஒன்லைனிலும் சென்சர் விற்கிறார்கள். பலகையில் "ஈவி ஸ்பெஷலிஸ்ட்" என்று வேறு.

கார் 2015 நிசான் லீஃப், இங்கிலாந்தில் செய்தது. சேசி இலக்கம் எஸ்ஜேஎன் என்று தொடங்குகிறது. அந்த மூன்று எழுத்தைப் பார்த்திருந்தாலே கடைக்காரருக்கு எந்தச் சென்சர் என்று தெரிந்திருக்கவேண்டும். ஐரோப்பாவுக்கென்று செய்த லீஃப் 433 மெகாஹேர்ட்ஸில் சென்சரைக் கேட்கும். அமெரிக்காவுக்குப் போனது 315. ஜப்பான் உள்ளூர்ச் சந்தையில் ஓடி ரீகண்டிஷனாக இங்கே வந்த லீஃப் பலவற்றில் சென்சரே கிடையாது, அங்கே சட்டம் அதைக் கேட்கவில்லை. ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து புதிதாக விற்கிற கார் எல்லாவற்றிலும் டயர் காற்றுக் குறைவைச் சொல்கிற ஏதோவொரு ஏற்பாடு கட்டாயம். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே லீஃப்தான்.

சென்சருக்குள் இருக்கிற சின்ன லித்தியம் பற்றரியைப் பிசின் ஊற்றி அடைத்திருப்பார்கள், மாற்ற முடியாது. 5 முதல் 10 வருசம் ஓடும், பிறகு முழுச் சென்சரையும் மாற்றவேண்டும். காரை ஒன் பண்ணியதும் விளக்கு ஒரு நிமிசமளவு மின்னிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால் சென்சர் கோளாறு. மின்னாமல் நேரே எரிந்தால் காற்றுக் குறைவு. இங்கே மின்னியது. ஒரு சக்கரத்தின் சென்சர் செத்திருந்தது, மற்ற மூன்றும் வேலை செய்துகொண்டிருந்தன. ஒன்று போனால் மற்றவையும் பின்னால் போகும், ஒவ்வொரு தடவையும் டயர் கழற்றக் கூலி கொடுப்பதைவிட நாலையும் மாற்றுங்கள் என்றார்கள். அது நியாயமான பேச்சுத்தான்.

நம்பவைத்தது அதற்கு அடுத்த கட்டம். டயரைப் பூட்டி முடித்ததும் கைக்கருவியை ஒவ்வொரு வால்வுக்குப் பக்கத்திலும் பிடித்தார்கள். அது 125 கிலோஹேர்ட்ஸ் சிக்னல் அனுப்பிச் சென்சரை எழுப்பும். சென்சர் தன் இலக்கம், காற்றழுத்தம், வெப்பம், பற்றரி நிலை எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லும். நாலும் பச்சை. நாலிலும் 36 பிஎஸ்ஐ. "பாருங்க சேர், நாலும் ஓகே, கம்பனியில செய்தாலும் இதுதான்" என்று திரையைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே காரின் கம்பியூட்டரோடு பேசுகிற ஓபிடி துளையில் வயரைச் செருகி நாலு இலக்கத்தையும் காருக்குள் பதிந்தார்கள். அதுவும் சரி என்று காட்டியது. 58,500 ரூபா அங்கேயே கைமாறியது.

அந்தப் பச்சைக்கு என்ன பெறுமதி? கடையின் கருவி 315, 433 இரண்டையும் கேட்கும். கருவிக்குக் கேட்டால் சென்சர் உயிரோடு இருக்கிறது, அவ்வளவுதான். காருக்குக் கேட்குமா என்பது வேறு கேள்வி. பதிவும் அப்படியே. கொடுத்த இலக்கத்தைக் கார் வாங்கி எழுதி வைத்துக்கொள்ளும், அந்த இலக்கத்துக்குரிய சென்சர் எந்த அலைவரிசையில் பேசுகிறது என்று பார்க்காது. ரேடியோவை வேறு ஸ்டேஷனில் வைத்துவிட்டு நியூசுக்குக் காத்திருந்த கதை. அவர்கள் அனுப்பிய படத்திலேயே, வாகனம் தெரிவு செய்த இடத்தில் வட அமெரிக்கா என்றும் ஒவ்வொரு சென்சருக்கு நேரே 315 என்றும் இருக்கிறது. ஆதாரத்தைத் தாங்களே அனுப்பிவிட்டுத்தான் மறுக்கிறார்கள்.

விளக்கு திரும்ப மின்னியதும் முதல் பதில்: "காலி வீதியில ஒரு இருபது நிமிசம் ஓடுங்க சேர், தானாப் படிச்சுக்கொள்ளும்." ஓடும்போது தானாகப் படித்துக்கொள்கிற கார்கள் உண்டு. இந்த லீஃப் அந்த வகையில்லை, இலக்கத்தை வெளியிலிருந்து கொடுக்கவேண்டும். அதைச் செய்தவர்களே இப்படிச் சொல்கிறார்கள். வெள்ளவத்தை நெரிசலில் ஊர்ந்தாலும் சரி, அதிவேகப் பாதையில் மாத்தறை வரை போனாலும் சரி, 315 சென்சர் 433 ஆகாது.

அடுத்தது: "பழைய ஈவிதானே, பற்றரி பார் குறைஞ்சிட்டுது, அதுதான் சிக்னல் எடுக்கேல்ல." காரை ஓட்டுகிற பெரிய பற்றரிக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, சென்சரின் சிக்னலைக் காருக்குள் வாங்குகிற ரிசீவர் வேலை செய்வது சாதாரண 12 வோல்ட் பற்றரியில். பிறகு ரிசீவர் பழுது என்று சொல்லி அதற்கு வேறு காசு கேட்டார்கள். பழைய சென்சர் மூன்றை அதே ரிசீவர்தானே கேட்டுக்கொண்டிருந்தது! அந்த மூன்றையாவது தாருங்கள் என்றால் குப்பையில் போட்டாயிற்றாம். கடைசியில் "எலக்ட்ரொனிக் சாமான் ரிட்டர்ன் எடுக்கிறேல்ல, பில்லில இருக்கு." பில்லில் இருப்பது "டயர் சேர்விஸ் 58,500" என்ற ஒரே வரி. இப்போது வட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் இல்லை. போனை எடுப்பவருக்கு முதலாளி எப்போது வருவார் என்று தெரியாது.

வேறொரு இடத்தில் டயரைக் கழற்றியபோது மிச்சமும் வெளிவந்தது. வால்வுத் தண்டு பளபளவென்று புதிது, சென்சர் உடம்பு பழையது. தண்டை உடம்போடு பிடித்திருப்பது ஒரு சின்ன டொர்க்ஸ் திருகாணி. அதைக் கழற்றிப் புதுத் தண்டு போட்டால் வெளியிலிருந்து பார்க்கிற எவருக்கும் புதுச் சென்சர். இங்கே திருகாணித் தலை தேய்ந்திருக்கிறது, உடம்பில் பொறித்த உற்பத்தித் திகதி இரண்டில் சுரண்டப்பட்டிருக்கிறது. 12,500 ரூபாப்படி புதிதென்று விற்றது இதைத்தான்.

வால்வுத் தண்டுக்குள் காற்றை அடைத்து வைக்கிற ஊசி மஞ்சள் பித்தளை. அலுமினியத் தண்டுக்கு நிக்கல் பூசிய வெள்ளை ஊசிதான் போடவேண்டும். பித்தளையும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் அரித்து ஒன்றோடொன்று இறுகிவிடும். கடற்காற்றடிக்கிற இந்த ஊரில் சொல்லவே வேண்டாம். பிறகொரு நாள் ஊசியைத் திருகினால் தண்டே முறியும். உலோக மூடியும் அப்படித்தான் இறுகும், பிளாஸ்டிக் மூடியே போதும். ஒரு சக்கரத்தில் பழைய ரப்பர் வளையத்தையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். சவர்க்காரத் தண்ணீர் ஊற்றியதும் நட்டைச் சுற்றிக் குமிழி. லீஃப்பில் ஸ்பேர் சக்கரம் கிடையாது, இருப்பது ஒட்டும் திரவமும் ஒரு பம்பும்தான். காற்று இறங்குவதைச் சொல்லவேண்டிய சென்சரைப் பூட்டுகிறோம் என்று காற்று இறங்க வழி செய்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு படியாக விளக்கி எழுதத்தான் நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமையில்லை. அவசரமாகச் சில. சேசி இலக்கத்தைக் காட்டி "433, புதியது, நாலு" என்று பில்லில் எழுதுவியுங்கள். பூட்டுவதற்கு முன் சென்சரைக் கையில் வாங்கி உடம்பில் உள்ள எண்ணையும் திகதியையும் படம் எடுங்கள். பழைய சென்சர் உயிரோடு இருந்தால் அதன் இலக்கத்தையே புரோகிராம் பண்ணக்கூடிய வெற்றுச் சென்சரில் ஏற்றலாம், காரில் ஒன்றும் பதியத் தேவையில்லை. டயரை ரிம்மிலிருந்து விடுவிக்கிற இயந்திரத் தட்டை வால்வுக்குப் பக்கத்தில் வைக்க விடாதீர்கள், சென்சர் நொறுங்கும். கழற்றியதை உங்கள் கையில் வாங்குங்கள்.

காசு கொடுப்பதற்கு முன் காரிடமே கேளுங்கள். இந்த மொடல் டாஷ்போர்டில் சக்கரம் சக்கரமாகக் காட்டாது, ஒரு விளக்கு மட்டும்தான். லீஃப் ஸ்பை ப்ரோ என்ற போன் அப்பை ப்ளூடூத் ஓபிடி கருவியோடு இணைத்துக் கொஞ்சத் தூரம் ஓடி, நாலு அழுத்தமும் அதில் வருகிறதா என்று பாருங்கள். ஒரு சக்கரத்தில் கொஞ்சம் காற்றை இறக்கினால் அந்த எண்ணும் இறங்கவேண்டும். இறங்கவில்லையென்றால் காசு கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் விவகார அதிகாரசபையின் இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி 3 மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். அந்தப் படம், ஒற்றை வரி பில், கழற்றிய சென்சர்களின் படங்கள் எல்லாவற்றோடும் 58,500 ரூபாவுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. ஒரு சதம் திரும்பி வந்தாலும் இதற்குக் கீழேயே எழுதுகிறேன்.