காம்போசிஷனா, ரெகுலரா? ஒரு சிறிய கடையின் ஜிஎஸ்டி கணக்கு

கோவை கணபதியில் எங்களுக்கு ஓர் எலக்ட்ரிக்கல் கடை இருக்கிறது. ஒயர், சுவிட்ச், எம்சிபி, பேனல் போர்டு சாமான்கள் விற்கிறோம். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடியைத் தாண்டாததால் ஜிஎஸ்டியின் இரண்டு வழிகளும், அதாவது காம்போசிஷன், ரெகுலர் இரண்டும், எங்களுக்குத் திறந்திருந்தன. சில ஆண்டுகள் காம்போசிஷனில் இருந்துவிட்டு ரெகுலருக்கு மாறினோம். புதிதாகக் கடை வைப்பவர்கள் எது நல்லது என்று கேட்டால் நான் ரெகுலர் பக்கம்தான் பேசுகிறேன். அது எல்லாருக்கும் பொருந்தாது. யாருக்குப் பொருந்தாது என்பதையும் கீழே சொல்கிறேன்.

தெரிந்த விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காம்போசிஷனில் சரக்கு வாங்கி விற்பவர் தன் விற்பனையில் 1 சதவீதம் கட்டினால் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரி கட்ட சிஎம்பி-08 படிவம், ஆண்டுக்கு ஒருமுறை ஜிஎஸ்டிஆர்-4 ரிட்டர்ன், அவ்வளவுதான். ஆனால் அந்த 1 சதவீதத்தை வாடிக்கையாளரிடம் வரி என்று வாங்கக் கூடாது. கொள்முதலில் கொடுத்த வரியை இன்புட்டாக, அதாவது கட்ட வேண்டிய வரியில் கழிவாக, எடுக்கவும் முடியாது. ரெகுலரில் வாங்குபவரிடம் வரி வசூலித்து, நாம் ஏற்கெனவே கொடுத்த வரியைக் கழித்து, மிச்சத்தைக் கட்டுகிறோம். படிவங்களும் அதிகம், ஆடிட்டர் கட்டணமும் அதிகம்.

பலர் இந்த இடத்திலேயே முடிவெடுத்துவிடுகிறார்கள். எங்கள் சரக்குக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 18 எங்கே, 1 எங்கே என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் ரெகுலரில் அந்த 18 வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது. காம்போசிஷனின் 1 நம் லாபத்திலிருந்து போகிறது. அதனால் சதவீதத்தைப் பார்க்கும் முன்பு, நம்மிடம் வாங்குபவர் யார் என்று பார்க்க வேண்டும்.

ஒரு காயில் ஒயரைக் கொண்டு கணக்குப் போடலாம். மொத்த வியாபாரியிடம் விலை 1,000 ரூபாய், வரி 180. நமக்கு 150 ரூபாய் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ரெகுலரில் பில் 1,150, வரி 207, ஆக மொத்தம் 1,357. காம்போசிஷனில் அந்த 180 நம் அடக்க விலையில் சேர்ந்துவிடுகிறது. 1,180-உடன் 150 சேர்த்து, கட்ட வேண்டிய 1 சதவீதத்துக்கும் இடம் விட்டால் ஏறக்குறைய 1,343 ரூபாய்க்கு விற்க வேண்டும்.

வீட்டுக்கு ஒயர் வாங்குபவருக்கு காம்போசிஷன் கடையில் 14 ரூபாய் மிச்சம். ஆனால் ஜிஎஸ்டி எண் உள்ள ஒரு லேத் பட்டறைக்காரர் வந்தால் நிலைமை வேறு. ரெகுலர் கடையில் 1,357 கொடுத்தாலும் 207 ரூபாயை அவர் இன்புட்டாக எடுத்துக்கொள்வார். அவருக்கு உண்மையில் ஆகும் செலவு 1,150. காம்போசிஷன் கடையில் 1,343-உம் முழுச் செலவு. ஒரே காயிலுக்கு 193 ரூபாய் வித்தியாசம். நம் லாபம் முழுவதையும் விட்டுக்கொடுத்தாலும் அதை ஈடுகட்ட முடியாது.

கணபதியிலும் சுற்றுவட்டாரத்திலும் பட்டறைகளும் பவுண்டரிகளும் நிறைய. எங்கள் கவுண்டரில் சுவிட்ச் வாங்குபவர்கள் நாள் முழுவதும் வந்தாலும், கனமான பில் என்றால் அது பட்டறைக்கோ ஒயரிங் ஒப்பந்தக்காரருக்கோதான். விலை கேட்பார்கள், பிறகு 'ஜிஎஸ்டி பில் தருவீர்களா?' என்பார்கள். காம்போசிஷன் கடையில் வரி பில் கொடுக்க முடியாது. 'வரி வசூலிக்கத் தகுதியில்லை' என்ற குறிப்போடு வேறு வகை பில்தான் தர முடியும். அதோடு ஆர்டர் போய்விடும். ரெகுலருக்கு மாறிய பிறகு அதே ஆட்கள் திரும்ப வந்தார்கள். என் முடிவுக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

எங்கள் ஊருக்கென்று இன்னொன்றும் உண்டு. வாளையாறைத் தாண்டினால் கேரளாவின் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டை. அங்கிருந்து ஆர்டர் வந்தாலும் காம்போசிஷன்காரர் சரக்கு அனுப்ப முடியாது. வெளிமாநில விற்பனைக்கு அதில் அனுமதி இல்லை. வெளிமாநிலத்திலிருந்து வாங்கத் தடையில்லை, விற்கத்தான் தடை.

ரெகுலரின் சிரமத்தை மறைக்க மாட்டேன். ஐந்து கோடிக்குள் விற்பனை உள்ளவர்கள் கியூஆர்எம்பி முறையில் காலாண்டுக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடலாம் என்பது பெரிய ஆறுதல். ஆனால் காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கும் வரியை அடுத்த மாதம் 25-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். பட்டறைக்காரர்களுக்குப் போட்ட பில்களை 13-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றிவிடுவதும் நல்லது. இல்லையென்றால் அவர்களுக்குக் கிடைக்கும் இன்புட்டைக் காட்டும் அந்த மாத 2பி பட்டியலில் பில் தெரியவில்லை என்று 14-ஆம் தேதி முதல் போன் வரத் தொடங்கும்.

இதே கயிறு நம்மையும் கட்டுகிறது. நமக்குச் சரக்கு கொடுத்தவர் பில்லை ஏற்றவில்லை என்றால், நாம் வரியோடு பணம் கொடுத்திருந்தாலும் இன்புட் கிடைக்காது. எங்களுக்குச் சரக்கு தந்த ஒருவர் இரண்டு காலாண்டுகள் பில் ஏற்றாமல் இழுத்தடித்தார். அந்த வரியை எங்கள் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டியிருந்தது. அன்றிலிருந்து, ஒழுங்காக ரிட்டர்ன் போடுபவரிடம் மட்டுமே வாங்குகிறோம், விலை சற்றுக் கூடுதலானாலும் பரவாயில்லை. கடை வாடகையிலும் ஒரு வேலை கூடுகிறது. கட்டட உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் என்றால், ரெகுலரில் இருக்கும் வாடகைதாரரே 18 சதவீதம் கட்டி, பிறகு இன்புட் எடுக்க வேண்டும். காம்போசிஷன்காரர்களுக்கு 2025 ஜனவரியில் இதிலிருந்து விலக்கு கிடைத்துவிட்டது.

அப்படியானால் காம்போசிஷன் யாருக்கு? எல்லாரும் வீட்டு உபயோகத்துக்கு வாங்குபவர்களாகவும், லாப விகிதம் நன்றாகவும் உள்ள கடைக்கு. பேன்சி கடை, பாத்திரக் கடை, செருப்புக் கடை வைத்திருப்பவர்களுக்கு நான் அதையே சொல்வேன். லாபம் நன்றாக இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். மேலே போட்ட கணக்கில் 150-க்குப் பதில் 60 ரூபாய் லாபம் வைத்துப் பாருங்கள்: ரெகுலரில் 1,251, காம்போசிஷனில் 1,252 முதல் 1,253 வரை. 18 சதவீத வரி உள்ள சரக்கில் லாபம் இவ்வளவு மெலிந்துவிட்டால், வீட்டுக்காரருக்கு விற்பதில்கூட காம்போசிஷனால் விலை குறையாது. உணவகத்துக்கு 5 சதவீதம், சேவைத் தொழிலுக்கு 6 சதவீதம் என்று விகிதங்கள் வேறு. அந்தத் தொழில்களை நான் நடத்தியதில்லை. அவற்றுக்கு இந்தக் கணக்கை அப்படியே பொருத்த வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவில் தயங்குபவர்கள் கடந்த மூன்று மாத பில்களை, வீட்டுக்கு வாங்கியவர், தொழிலுக்கு வாங்கியவர் என்று பிரித்துப் பார்க்கலாம். 'ஜிஎஸ்டி பில் வேண்டும்' என்று கேட்டுத் திரும்பிப் போனவர்களையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். விற்பனைக் கணக்கில் அவர்கள் தெரிய மாட்டார்கள். ஒரே பான் எண்ணில் இரண்டு கடைகள் இருந்தால் இரண்டையும் சேர்த்தே யோசியுங்கள். ஒன்றைக் காம்போசிஷனிலும் மற்றொன்றை ரெகுலரிலும் வைக்கச் சட்டத்தில் இடமில்லை.

மாறுவதில் ஒரு விஷயம் காம்போசிஷனில் தொடங்குபவருக்குச் சாதகமானது. ரெகுலரிலிருந்து அதற்குள் போக நிதியாண்டு தொடங்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். கையிருப்புச் சரக்குக்கு எடுத்த இன்புட்டைத் திருப்பிக் கட்டவும் வேண்டும். அதிலிருந்து வெளியே வர ஆண்டின் நடுவிலும் முடியும். அன்று கையிருப்பில் உள்ள சரக்குக்கு இன்புட்டும் கிடைக்கும். ஆனால் ஓராண்டுக்கு மேல் பழைய பில்களுக்குக் கிடைக்காது. அந்த இன்புட்டைக் கோரும் ஐடிசி-01 படிவத்தை 30 நாட்களுக்குள் போட வேண்டும். கோரும் தொகை 2 லட்சத்தைத் தாண்டினால் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் அல்லது காஸ்ட் அக்கவுன்டன்டின் சான்றும் தேவை. ஆகவே மாறும் நாளுக்கு முந்தைய மாலை கடையை மூடிவிட்டு, அலமாரி வாரியாகச் சரக்கை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் கொள்முதல் பில்லை எடுத்து வைத்துவிடுங்கள்.