ஐந்து கிலோ ரோஸ்டர்: கேஸா, கரண்டா?

காபிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கும் சின்னக் கடை போட நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, ரோஸ்டர் கேஸில் ஓடுவதா, கரண்டில் ஓடுவதா என்றுதான். நான் வாங்கியது ஐந்து கிலோ கேஸ் டிரம்; ஒரு தடவைக்கு ஐந்து கிலோ கொட்டையைச் சுழலும் உருளையில் போட்டு, கேஸ் தீயில் வறுக்கும் மெஷின். கடை திண்டுக்கல்லில்; கொட்டை பெரும்பாலும் தாண்டிக்குடிப் பக்கத்தில் விளைந்து, பட்டிவீரன்பட்டியில் கியூரிங் (மேல்தோடு நீக்கித் தரம் பிரிப்பது) ஆகி வருவது. ஆகவே இந்த அலசல் கேஸ் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். கரண்ட் ரோஸ்டரில் என் அனுபவம் கோவையில் நண்பர் கடையில் நின்று வறுத்துப் பார்த்த அளவுதான்.

ருசியில் பெரிய வித்தியாசம் இல்லை. டிகாக்‌ஷன் இறக்கிப் பாலும் சேர்த்த பிறகு, இது எந்த மெஷினில் வறுத்தது என்று சொன்னவரை நான் பார்த்ததில்லை. புகையும் தோலும் இரண்டிலும் வரும்; ரொபஸ்டா செர்ரி (பழத்தோடு காயவைத்து எடுத்த ரொபஸ்டா ரகக் கொட்டை) வறுத்தால் இன்னும் கூடுதலாக வரும். புகைக்குழாயை அடிக்கடி கழற்றித் துடைக்காவிட்டால் உள்ளே படிந்த தோல் தீப்பிடிக்கும். இதிலும் இரண்டும் ஒன்றுதான்.

சூட்டைக் கையாள்வதில் கேஸ் கொஞ்சம் முந்துகிறது. 195 டிகிரியைத் தாண்டிக் கொட்டை வெடிக்கத் தொடங்கும்போது அதுவே சூட்டை வெளியே தள்ளும். அந்த நேரத்தில் வால்வைத் திருகினால் தீ உடனே தணிகிறது. கரண்ட் ரோஸ்டரில் சூடேற்றும் கம்பிச்சுருளான காயிலின் சூடு அப்படி இறங்காது. வெடிப்புக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். நண்பருக்கு அது பழகிவிட்டது, எனக்குக் கை வரவில்லை.

சரி, என்னை முடிவெடுக்க வைத்தது வேறு. மின்சாரம் எவ்வளவு வேண்டும், அது நின்றால் என்ன ஆகும் என்பதுதான்.

ஐந்து கிலோ கரண்ட் ரோஸ்டருக்கு எட்டுப் பத்து கிலோவாட் தேவைப்படுகிறது. மும்முனை இணைப்பு இல்லாமல் முடியாது. மின்வாரியத்தில் சுமையைக் கூட்டி வாங்கினால், வறுக்காமல் பூட்டி வைத்த நாளுக்கும் சேர்த்து நிலைக்கட்டணம் கட்ட வேண்டும். வாரத்தில் சில நாள் மட்டும் வறுக்கிற என் போன்றவர்களுக்கு இது உறுத்தும். கேஸ் டிரம்முக்கு, டிரம் சுற்றும் மோட்டார், ஆறவைக்கும் விசிறி, புகை இழுக்கும் விசிறி எல்லாம் சேர்த்தாலும் ஒன்றரை கிலோவாட்டுக்குள் முடிந்துவிடும். அதை ஒரு நல்ல இன்வெர்ட்டரே தாங்கும்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் மதியமோ சாயங்காலமோதான் கரண்ட் வரும். தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் அந்த நாள் வந்து விழுந்தால், கரண்ட் ரோஸ்டர்காரர் ஷட்டரை இறக்க வேண்டும், இல்லையென்றால் பெரிய ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற வேண்டும். நான் இன்வெர்ட்டரில் ஓட்டிவிடுவேன்.

சொல்லாமல் போகும் கரண்ட் இன்னும் மோசம். இன்வெர்ட்டர் இல்லாமலோ, அதுவும் கைவிட்டோ வறுவல் பாதியில் டிரம் நின்றால், அடியில் கிடக்கும் கொட்டை ஓரிரு நிமிடத்தில் கருகிவிடும். கேஸில் முதல் வேலை வால்வை மூடுவது. புகை விசிறியும் நின்றிருக்கும், தீ எரியவே கூடாது. அப்புறம் கைப்பிடியை மாட்டிச் சுற்றிக்கொண்டே கொட்டையை ஆறும் தட்டில் இறக்கிவிடலாம். நான் பார்த்த கரண்ட் ரோஸ்டரில் கைப்பிடியே இல்லை. காயிலை அணைத்தாலும் அதில் தேங்கிய சூடு கொட்டையை விடாது. 2024இல் ரொபஸ்டா விலை வரலாறு காணாத அளவுக்கு ஏறியதைப் பார்த்தவர்களுக்கு, ஐந்து கிலோ கருகினால் எவ்வளவு நஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை. ஒழுங்காக வறுத்தாலே கிலோவுக்கு 150 கிராமுக்கு மேல் எடை குறைகிறது.

கேஸில் குறை இல்லாமல் இல்லை. 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் விலை மாதம் பிறந்தால் மாறும். காபித்தூள் விலையை அதோடு சேர்த்து மாற்றினால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். மாடியில் வாடகைக்கு இடம் பிடித்தால் சிலிண்டர் ஏற்ற உரிமையாளர் சம்மதிப்பது சந்தேகம். அப்படிப்பட்ட இடத்துக்கும், ஒரு கிலோ அளவில் வறுத்துப் பார்த்துத் தொடங்குபவர்களுக்கும் கரண்ட்தான் சரி. ஒரு கிலோ மெஷினுக்கு இவ்வளவு சுமை தேவையில்லை, மேலே சொன்ன சண்டை பாதி குறைந்துவிடும். பத்து வருடம் ஓடினால் காயில் எத்தனை தடவை மாற்ற வேண்டியிருக்கும் என்பதை அப்படி ஓட்டியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

கேஸ் என்று முடிவு செய்தால், விலை பேசும்போதே இரண்டைக் கேளுங்கள்: டிரம் அச்சில் கைப்பிடி மாட்ட வழி இருக்கிறதா, தீ அணைந்தால் கேஸ் தானாக நிற்கும் வால்வு இருக்கிறதா. கைப்பிடி சில மாடல்களில் வருவதில்லை. கேட்டால் லேத்தில் செய்து தருகிறார்கள். வால்வு இல்லையென்றால் அந்த மெஷினையே விட்டுவிடுங்கள்.