கலர் டீத்தூள் மேல் புகார்: உணவுப் பாதுகாப்புத் துறையின் சேவை நீலகிரியில் எந்த அளவுக்கு உதவும்?

குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் உதிரியாக எடைபோட்டு வாங்கிய டீத்தூளில் சாயம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், போக வேண்டிய இடம் உணவுப் பாதுகாப்புத் துறை. வாட்ஸ்அப்பிலேயே புகார் வாங்குகிறார்கள். அழுக்குச் சமையலறைக்கும் காலாவதியான பாக்கெட்டுக்கும் அந்த வழி நன்றாகவே போதும். படத்திலேயே விஷயம் தெரிந்துவிடும். கலர் தூளுக்குப் போதாது. சாயம் ஏற்றிய தூளும் நல்ல தூளும் படத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அதனால் முதலில் வீட்டில் பாருங்கள். வடிதாளில் (ஃபில்டர் பேப்பர்) ஒரு சிட்டிகைத் தூளைப் பரப்பி, நனையும் அளவுக்குத் தண்ணீர் தெளியுங்கள். பிறகு தூளைத் தட்டிவிட்டு, தாளைக் குழாயடியில் கழுவி வெளிச்சத்தில் பிடியுங்கள். நல்ல தூள் கறை வைக்காது; சாயத்தூள் உடனே கறை பிடிக்கும். பச்சைத்தண்ணீர் டம்ளரில் தூளைப் போட்டுப் பார்ப்பதை மட்டும் நம்ப வேண்டாம். சிடிசி டஸ்ட் (இயந்திரத்தில் நசுக்கிச் சுருட்டிய டீத்தூளின் தூசி ரகம்) மிகவும் பொடியானது, குளிர்ந்த நீரிலும் ஓரளவு நிறம் இறங்கும். காந்தத்தில் நாலு துகள் ஒட்டினாலும் பதற வேண்டியதில்லை. இயந்திரத் தேய்மானத்தில் வரும் இரும்புத்தூளுக்குக் கிலோவுக்கு 250 மில்லிகிராம் வரை விதியே இடம் தருகிறது. சாயத்துக்கு அப்படி எந்தச் சலுகையும் இல்லை.

அலுவலர் மாதிரி எடுக்கும் முறை உறுதியானது. மாதிரியை நான்காகப் பிரித்து முத்திரை வைப்பார். ஒன்று பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலருக்கு (மாவட்டத்தில் இந்தத் துறையின் பொறுப்பு அலுவலர்). கடைக்காரர் கேட்டால் நான்காவது, அவர் செலவில் அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு. பகுப்பாய்வு அறிக்கைக்கு 14 நாள் கெடு. தரம் குறைந்தது என்று வந்தால் மாவட்ட வருவாய் அலுவலர் முன் விசாரணை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். பாதுகாப்பற்றது என்றால் நீதிமன்றம், சிறை.

சிக்கல் இடைவெளியில்தான். நீங்கள் வாங்கிய தூள் இருந்த கடை மூட்டை, அலுவலர் வருவதற்குள் தீர்ந்திருக்கும். அடுத்த மூட்டை சுத்தமாக இருந்தால் புகார் அங்கேயே முடிந்துபோகும். உதிரித் தூளில் பெயரும் இல்லை, தொகுதி எண்ணும் இல்லை. கொள்முதல் பில்லும் இல்லாவிட்டால் தூள் எந்தக் கிடங்கிலிருந்து வந்தது என்று பிடிக்கவே முடியாது. கலர் தூளுக்குப் பயன்படக்கூடிய தேயிலைக் கழிவை (டீ வேஸ்ட்) வாங்கி விற்கத் தேயிலை வாரிய உரிமம் வேண்டும் என்று 1959ஆம் ஆண்டுத் தேயிலைக் கழிவுக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. ஆனாலும் பில் இல்லாமல் கைமாறும் சரக்கைக் கணக்கில் கொண்டுவருவது கடினம்.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. பலரும் அதைப் பயன்படுத்துவதில்லை. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். குற்றம் தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அறிக்கை நேரே நியமன அலுவலருக்குப் போகும், அவர் நடவடிக்கையைத் தொடங்க வேண்டும். ஒரே நிபந்தனை: சோதனைக்கு அனுப்பப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து சந்தேகப்பட்டு, ஏற்கெனவே பிரித்த பொட்டலத்தை அனுப்பினால் இந்தப் பிரிவு கைகொடுக்காது. வடிதாளில் கறை கண்டதும் அதே கடைக்குப் போய், சொல்லிவிட்டு, பில்லோடு புதிதாக வாங்குங்கள்.

வாட்ஸ்அப் புகாரைவிட இந்த வழியைத்தான் பரிந்துரைப்போம். அதற்கான கட்டணத்தையும் ஆய்வக முகவரியையும் ஊட்டி, குன்னூர் உழவர் சந்தை வாசலில் தமிழில் எழுதி வைத்தால் இந்தச் சேவை இன்னும் பல பேருக்குப் போய்ச்சேரும்.